தவளை இருக்கிறது என்று எழுதிய கடிதம்

சுங்கைப் பட்டாணியில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையின் முதலாளி, நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற வாரம் வரை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "என்னம்மா, தவளையெல்லாம் சௌக்கியமா?" ஆரம்பத்தில் சிரிப்பேன். பிறகு "இருக்கு பாய்" என்று சொல்லிப் பழகினேன். கடைசி வருடங்களில் தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் மேற்கொண்டு கேட்காமல் தேநீரை வைத்துவிட்டுப் போவார்.

தவளைக் கணக்கெடுப்புக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். தவளையை எப்படி அடையாளம் காண்பது, எத்தனை நிமிடம் நிற்பது, எந்தத் தாளில் குறிப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ஒரே ஓர் ஓடையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்த ஓடையில் நான் இரண்டு தவறுகள் செய்தேன். ஒன்று அலுவலகத்தில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று எனக்கே தெரிய வருவதற்குப் பல வருடங்கள் ஆயின.

கோலா கெத்திலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டம். அப்போது அதில் பாதி பால்மரம் என்கிற ரப்பர், பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சிறிய குன்று. அதன் உச்சியில் மட்டும் கை வைக்காத காடு. அந்தக் காட்டிலிருந்து பாறையும் கல்லுமாக ஓர் ஓடை இறங்கி, தோட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு, தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பின்புறமாக ஓடும். இடக்கரை தாழ்வான நிலம். வலக்கரை செங்குத்துச் சரிவு. அந்தச் சரிவில் வயதான பால்மரங்களும் அவற்றின் அடியில் யாரும் வெட்டாமல் விட்ட புதரும் நின்று, ஓடைக்கு நாள் முழுக்க நிழல் கொடுத்தன.

என்னை அங்கே முதன்முதலில் கூட்டிப் போனவர் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அண்ணன் என்றே இருக்கட்டும். அவர் அதே தோட்டத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போனார். பிறகு வருடக்கணக்கில் புல் வெட்டும் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தார். வெளியூரிலிருந்து காடு பார்க்க வந்தவர்களுக்கு ஒரு முறை வழிகாட்டியாகப் போனபோதுதான், இந்தப் பக்கத்துத் தவளைகளின் குரல் அத்தனையும் அவருக்கு அத்துப்படி என்பது தெரிய வந்தது. எங்கள் அலுவலகம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. என்னிடம் டிப்ளோமா இருந்தது. அவரிடம் காது இருந்தது. சம்பளப் பட்டியலில் எப்படி இருந்தாலும், ஓடைக்கரையில் அவர்தான் மேலதிகாரி.

பொழுது சாய்கிற நேரத்தில் ஓடையோரமாக ஒவ்வோர் இடமாக நிற்போம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டதைச் சொல்வார். நான் எழுதுவேன். எழுதுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. ஒருவர் சொன்னால் இன்னொருவருக்கும் கேட்டது போலவே தோன்றிவிடும் என்பதற்காக வைத்த விதி அது. நல்ல விதிதான். நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டதுதான் தவறு.

அந்த ஓடையில் நாங்கள் முக்கியமாகத் தேடியது கல்தவளையை. உங்கள் கையேட்டில் அதற்கு வேறு பெயர் இருக்கும். கட்டை விரல் நீளம்கூட இல்லாத உடம்பு, ஈரப்பாறையின் நிறம். பாய்கிற தண்ணீருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதாலோ என்னவோ, அதன் குரல் மெலிந்து, உச்ச ஸ்தாயியில் ஒலிக்கும். சின்னக் குருவி ஒரு தடவை கீச்சென்று கத்தி நிறுத்திக்கொண்டது போலிருக்கும். அதன் தலைப்பிரட்டைகள் வயிற்றால் கல்லைக் கவ்விக்கொண்டு ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். கல் சுத்தமாக இருக்கும் வரைதான் அந்தப் பிடி. கல்லின்மேல் சேறு படிந்தால் பிடி நழுவிவிடும். ஓர் ஓடையில் கல்தவளை இருக்கிறது என்றால், மேலே மண் கெடவில்லை என்று பொருள்.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம் இடக்கரையில் இருந்த பால்மரங்களை வெட்டிச் செம்பனை போட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் நாங்கள் போனபோது அண்ணன் முதல் இடத்தில் வெகுநேரம் நின்றார். இரண்டாவது இடத்திலும் நின்றார். கடைசி இடம் முடிந்து மேட்டில் ஏறும்போது, "கல்தவள ஒண்ணுகூட இல்லம்மா" என்றார். அடுத்தடுத்த முறையும் அதேதான். தேரை இருந்தது. மரத்தவளை இருந்தது. கல்தவளை இல்லை. அந்த வருடம் அவர் மிகவும் தளர்ந்து போனார். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று, "நம்ம கண்ணு முன்னாடியே போயிடுச்சு பாத்தியா" என்பார்.

அறிக்கை போயிற்று. இடக்கரையில் மரம் வெட்டியதற்குப் பின் கல்தவளை ஓடையிலிருந்து மறைந்துவிட்டது என்று எழுதியிருந்தோம். சம்பந்தப்பட்ட இலாகா அதைப் படித்துவிட்டு, வலக்கரையையும் வெட்டத் தயாராக இருந்த தோட்ட நிர்வாகத்துக்கு, மறு உத்தரவு வரும்வரை நிறுத்துங்கள் என்று கடிதம் போட்டது.

எங்கள் தொழிலில் அப்படியெல்லாம் நடக்காது. எழுதுகிறோம், அது எங்கோ அலமாரிக்குப் போகிறது, மரம் விழுகிறது. ஓர் அறிக்கையால் ஒரு சரிவு பிழைத்து நின்றதை என் வேலைக்காலத்தில் அப்போதுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

லயத்துக் கடைசி வீட்டில் சரோஜா அக்கா இருந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. நாங்கள் போகும்போதெல்லாம் என் பையையும் செருப்பையும் அவர் வீட்டில்தான் வைத்துவிட்டு பூட்ஸ் போட்டுக்கொள்வேன். குழாய்த் தண்ணீர் அந்த மேட்டுக்குச் சரியாக ஏறாது என்பதால், அவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வலக்கரையின் அடியிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து ஓடைத் தண்ணீரைத்தான் எடுத்தார்கள். சரிவை வெட்டினால் அந்தத் தண்ணீர் என்னவாகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நிறுத்த உத்தரவு வந்த வாரம் எங்கள் இருவருக்கும் வீட்டில் உட்கார வைத்து மீன் கறி போட்டார். "நாங்க மனு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. நீங்க ஒரு தவளைய வச்சு நிறுத்திட்டீங்களேலா" என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. "செத்துப் போயி நிறுத்திருக்கு அது" என்றார்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்த மழைக்காலத்தின் முதல் நாளிலிருந்தே நான் அந்தக் கீச்சொலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் சொல்லவில்லை, அதனால் நான் எழுதவில்லை. பூச்சியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? எழுதுகிறவர் பேசக் கூடாது என்ற விதி வேறு இருந்தது. வசதியாகப் போயிற்று. அறிக்கை தயாரானபோதும், அனுப்பியபோதும், உத்தரவு வந்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மழைக்காலம் தொடங்கியது. குரல் மறுபடியும் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் ஓடையில் இறங்கினேன். முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் கறுப்பாக, நகக்கண் அளவில், கல்லைக் கவ்விக்கொண்டு தலைப்பிரட்டைகள். இன்னொரு கல்லிலும் இருந்தன. சிலவற்றைத் தண்ணீரோடு ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு கரையேறினேன். சந்தோஷம் வரவில்லை.

சரோஜா அக்கா பின்வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே ஏதோ என்று புரிந்துகொண்டார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லிவிட்டேன்.

அவர் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுவா? இது எப்பவும் இருக்குறதுதானே. எங்க குழாய்ல அடிக்கடி வந்து அடைச்சிக்கும்."

"எப்பவுமா? போன வருஷமுமா?"

"போன வருஷமும்தான். நீங்க யாரும் கேக்கலையே."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஓடைத் தண்ணீரைத் தினமும் குடிக்கிறவர் அவர். இத்தனை வருடமாக அவர் வீட்டில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அப்ப அறிக்கை தப்புக்கா. திருத்தணும்" என்றேன்.

"திருத்தினா என்ன ஆகும்?"

"நிறுத்தச் சொன்னத எடுத்துருவாங்க."

அவர் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். "கோமதி, நான் படிக்காதவ. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. நீ பேசாம இருந்தா யாருக்கு என்ன குறைஞ்சு போகுது? மரம் நிக்குது. தண்ணி வருது. அந்தத் தவளையும் நல்லாத்தானே இருக்கு? பொய்யாவே இருந்துட்டுப் போகட்டுமேலா."

இன்று வரை அதற்குச் சரியான பதில் கிடைத்ததாகச் சொல்ல மாட்டேன். நீங்களும் இதுபோன்ற இடத்தில் ஒரு நாள் நிற்பீர்கள். எதிரே நிற்பவர் கெட்டவராக இருக்க மாட்டார். அவர் பக்கம் நியாயமும் இருக்கும். அப்போது கையேடு உதவாது. எனக்கு உதவியது மிகவும் சாதாரணமான ஒரு பயம்தான்: வேறு யாராவது ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? அன்றைக்கு எங்கள் அறிக்கைகள் அத்தனையும் குப்பையாகிவிடும். நேர்மை என்று அதற்குப் பெரிய பெயர் வைக்க மாட்டேன்.

முதலில் அண்ணனிடம் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் வைத்துச் சொன்னால் அவருக்கு அவமானம். அதனால் ஓடைக்கரையிலேயே சொல்வது என்று முடிவு செய்தேன். அந்த வாரமே ஒரு நாள் பொழுது சாயும்போது மூன்றாவது இடத்தில் நின்றோம். அவர் கண்ணை மூடினார். குரல் வந்தது. நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"அண்ணே, இப்பக் கத்துச்சு."

கண்ணைத் திறந்தார். "எது?"

"கல்தவள. உங்களுக்கு இடது பக்கம், அந்தப் பெரிய பாறைக்குக் கீழ."

அவர் பாறையின் பக்கம் தலையைத் திருப்பினார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். "தண்ணிதான் கேக்குது."

"இப்ப மறுபடியும்."

இந்தத் தடவை அவர் பாறையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று பார்த்திருப்பார். பிறகு அங்கிருந்த கல்லின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"எத்தன நாளா உனக்குக் கேக்குது?"

"போன வருஷ மழையில இருந்து."

"போன வருஷ மழையில இருந்தா?" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "ஒரு வார்த்த சொல்லலியேம்மா."

நான் தலைப்பிரட்டைகளைப் பற்றிச் சொன்னேன். சரோஜா அக்கா சொன்னதையும் சொன்னேன். அவர் கைகளைப் பிசைந்துகொண்டே கேட்டார். வருடக்கணக்கில் முதுகில் சுமந்த அந்தப் புல் மெஷின்தான் உச்ச ஸ்தாயிக் குரலைக் கேட்கும் சக்தியை அவர் காதிலிருந்து தின்றிருக்கிறது என்று பின்னால் மருத்துவர் சொன்னார். தேரையின் கரகரப்பு கேட்கும். மனிதர் பேச்சு கேட்கும். மெலிந்த குரல் மட்டும் சிறிது சிறிதாக அறுந்துபோயிருக்கிறது. அது அறுந்ததும் இடக்கரையில் மரம் விழுந்ததும் ஒரே காலத்தில் நடந்ததால், ஓடை ஊமையாகிவிட்டது என்று அவர் நம்பிவிட்டார். யாரையும் ஏமாற்ற அவர் நினைக்கவில்லை. உண்மையாகவே அதற்காகத் துக்கப்பட்டார்.

பாறையின் பக்கம் மறுபடி திரும்பி, "அப்ப அது சாகல" என்றார்.

"இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கு."

"இப்பக்கூடக் கத்துதா?"

"கத்துது."

தலையை ஆட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்த மாதிரியும் இருந்தது. "சரி" என்றார். "போவோம். நாளைக்குப் பகல்ல வந்து எனக்கு அதக் காட்டு."

மறுநாள் காலை பேண்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நான் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினேன். ஒரு தலைப்பிரட்டையை விரலால் மெதுவாக நகர்த்திப் பார்த்தார். அது விடவில்லை. "பிடியப் பாரு" என்றார். கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே திரும்ப வைத்தார். கரையேறியதும், "திருத்தக் கடிதாசிய நான்தான் எழுதணும். உன் பேரு அதுல வேணாம்" என்றார். நான் மறுத்தேன். இருவர் பெயரும் போட்டுத்தான் எழுதினோம்.

எழுதியது எப்படி என்பதைக் கவனமாகப் படியுங்கள். என் இரண்டாவது தவறு அங்கேதான் இருக்கிறது.

அலுவலகத்தில் அன்று சாவு வீடு மாதிரி இருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போது இருந்த மேலாளர், "சுருக்கமா எழுதுங்க. விளக்கம் சொல்லச் சொல்ல நம்மளத்தான் தோண்டுவாங்க" என்றார். எங்களுக்கும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. வெட்கத்தில் இருக்கிறவர்கள் நீளமாக எழுத மாட்டார்கள். மலாய் மொழியில் இரண்டே வாக்கியம். முந்தைய அறிக்கையில் இல்லை என்று குறிப்பிட்ட தவளை அவ்விடத்தில் இருக்கிறது. தவறுக்கு வருந்துகிறோம்.

சில வாரங்களில் நிறுத்த உத்தரவு நீங்கியது. தோட்ட மேனேஜர் நம் ஆள்தான், தமிழர். எங்களைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். "தப்ப ஒத்துக்கிறதுக்கு ஒரு மனசு வேணும்லா. உங்கள மாதிரி ஆளுங்கதான் வேணும்" என்றார். அவர் பாராட்டியதில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அடுத்த நாள் காலை வலக்கரையில் மரம் அறுக்கும் சத்தம் தொடங்கியது. அது அண்ணனுக்கும் நன்றாகக் கேட்டது.

மரம் விழுந்த பின் வந்த முதல் பெருமழையில் சரிவு இறங்கியது. ஓடை பல நாட்களுக்குத் பால் கலந்த தே தாரே தேநீரின் நிறத்தில் ஓடியது. தண்ணீர் தெளிந்த பிறகு நான் இறங்கிப் பார்த்தேன். கல்லைத் தொட்டால் விரல் வழுக்கியது. ஒவ்வொரு கல்லின் மேலும் மெத்தென்று மஞ்சள் மண். நிழல் போய்விட்டதால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கல்லாகப் புரட்டிக்கொண்டே கீழே வரை போனேன். ஒரு தலைப்பிரட்டைகூட இல்லை. பொழுது சாயும்போது காத்திருந்தேன். என் காது அப்போது நன்றாக இருந்தது. குரல் இல்லை. அடுத்த மழைக்காலத்திலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

ஆனால் தவளை இல்லாமல் போகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். புதிய செம்பனைக்காக வெட்டிய பாரிட்டுகளில், அந்தத் தேங்கிய வாய்க்கால்களில், வயல் தவளைகளும் தேரைகளும் மொய்த்தன. எண்ணிக்கைத் தாளில் மொத்தம் முன்பைவிடக் கூடியது. "கூடியிருக்கே, அப்புறம் என்ன பிரச்சனை?" என்று மேலாளர் கேட்டார். "கடைத்தெருவுல இருபது கடைய மூடிட்டு ஒரே ஒரு பெரிய கடை வந்து, அங்க கூட்டம் ஜாஸ்தியா இருந்தா, தெரு நல்லா இருக்குன்னு சொல்லுவீங்களா சார்?" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த வாக்கியத்தை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். உங்கள் மொத்தக் கணக்கு கூடும்போது சந்தோஷப்படாதீர்கள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பிரித்துப் பாருங்கள். எங்கேயும் வாழக்கூடியவை எங்கேயும் வரும். ஒரே இடத்தில் மட்டும் வாழத் தெரிந்தவைதான் போகும். அவை போவதைக் கூட்டுத்தொகை மறைத்துவிடும்.

கல்தவளை இல்லை என்று மறுபடியும் அறிக்கை எழுதினோம். பதில் வந்தது. முன்பும் இதே தவளை மறைந்துவிட்டதாகத் தெரிவித்துப் பின்னர் திருத்தம் அனுப்பியிருக்கிறீர்கள், ஆகவே இதை இப்போதைக்குக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் அவர்கள் நாற்காலியில் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அண்ணன் அதற்குப் பிறகு குரல் கேட்கும் வேலைக்கு வரவில்லை. அவரே விட்டுவிட்டார். அலுவலக வேனை ஓட்டினார். நாங்கள் ஓடைக்குள் போய்வரும் வரை வேனிலேயே உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்தால், "இன்னிக்கு என்னென்ன கேட்டுச்சு?" என்பார். ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். அவர் ஓய்வு பெறும்வரை அது நின்றதில்லை. என்னை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. அந்த ஒரு வருட மௌனத்துக்கு நான் முறையாக மன்னிப்புக் கேட்டதும் இல்லை. கேட்டிருக்கலாம்.

பல வருடம் கழித்து, அலுவலகத்தை வேறு கடைவீட்டுக்கு மாற்றியபோது பழைய கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திருத்தக் கடிதம் கைக்கு வந்தது. நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். தவளை இருக்கிறது. வருந்துகிறோம். இருப்பதற்காக வருந்தியிருக்கிறோம்!

அந்தச் சரிவை வெட்டக் கூடாது என்பதற்கு இருந்த மிகப் பெரிய காரணமே, கல்தவளை அங்கே உயிரோடு இருந்ததுதான். பக்கத்துக் கரையை வெட்டிய பிறகும் அது தாக்குப்பிடித்தது. ஏன்? வலக்கரை நின்றதால். கல் சுத்தமாக இருந்ததால். தலைப்பிரட்டைகள் என் போத்தலிலேயே இருந்தன. அதே தண்ணீரைக் குடிக்கிற வீடுகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. எங்கள் தவற்றை ஒப்புக்கொண்ட அதே தாளில், இன்னும் நாலு வரியில் இதையும் எழுதியிருக்கலாம். அது இருக்கிறது, ஆகவே இன்னும் கவனமாக யோசியுங்கள் என்று. இலாகா கேட்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது. கேட்காமலும் போயிருக்கலாம். ஆனால் நாங்கள் அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்வதா, சரிவைக் காப்பதா என்று நானும் சரோஜா அக்காவும் அன்று வாசற்படியில் மல்லுக்கு நின்றோம். இரண்டும் ஒரே கடிதத்தில் அடங்கியிருக்கும். வெட்கம் கண்ணை மறைத்ததில் எனக்கு அது தெரியவில்லை.

இப்போது நீங்கள் மரத்தில் ஒலிப்பதிவுப் பெட்டியைக் கட்டிவிட்டு வருகிறீர்கள். கணினி பெயரைச் சொல்லிவிடுகிறது. நல்லது, அதற்கு வயதாகாது என்று நினைக்காதீர்கள். மைக்குக்குள் எறும்பு கூடு கட்டும், ஈரம் இறங்கும். அப்போதும் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், மெல்லிய குரல் மட்டும் பதியாது. பெட்டி ஒன்றும் இல்லை என்று சொன்னால், முதலில் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். பிறகு இறங்கிக் கல்லைப் புரட்டுங்கள். பிறகு அந்தத் தண்ணீரைப் புழங்குகிறவர்களிடம் கேளுங்கள். சொல்லப்போனால், அவர்களிடம் முதலிலேயே கேளுங்கள். எழுதுகிறவர் பேசக் கூடாது என்ற விதி இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அது எண்ணும்போது மட்டும். எண்ணி முடித்த பிறகு பேசுங்கள். பெரியவர், மூத்தவர் என்று பார்க்காதீர்கள்.

என் காதையும் நான் வருடந்தோறும் பரிசோதித்துக்கொண்டேன். ஒரு வருடம் மருத்துவர் காட்டிய கோடு, உச்ச ஸ்தாயியைக் குறிக்கும் வலது ஓரத்தில் சரிந்திருந்தது. அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு மேசை வேலைக்கு மாறிக்கொண்டேன். இப்போது பாக்கார் ஆராங்கில் வீட்டிலேயே இருக்கிறேன். மழை பெய்தால் பின்புறச் சாக்கடையில் தேரை கத்துவது மட்டும் கேட்கிறது.

சரோஜா அக்காவைப் போன வருடம் சுங்கைப் பட்டாணிச் சந்தையில் பார்த்தேன். லயத்தை எப்போதோ காலி செய்து, மகளோடு டவுன் வீட்டில் இருக்கிறார். வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்டார். பிறகு நானே அந்தப் பேச்சை எடுத்தேன். கடிதத்தை நாங்கள் வேறு மாதிரி எழுதியிருக்க வேண்டும் என்று சொன்னேன். எப்படி என்று முழுவதும் சொன்னேன்.

அவர் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். "ரெண்டு வருஷம் சேத்துத் தண்ணிய வடிகட்டிக் குடிச்சோம் கோமதி" என்றார். "நீ நல்ல பொண்ணு. அப்பவும் அத நான் மறுக்கல. ஆனா நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நாங்க வீட்டையே காலி பண்ணிட்டோம்." பிறகு கடைக்காரரிடம் பையை நீட்டினார். போகும்போது, பேருந்துக்கு நேரமாகிவிட்டது, இல்லையென்றால் வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பேன் என்றார். உண்மையாகவே கூப்பிட்டிருப்பார்.

அந்தக் குன்றின் உச்சியில், வெட்டாத காட்டுக்குள் ஓடை தொடங்கும் இடத்தில், கல்தவளை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதன் ஓரமாக ஒரு பாதை போட விண்ணப்பம் வந்திருப்பதாகவும், அடுத்த மாதம் நீங்கள் பார்க்கப் போவதாகவும் அலுவலகத்தில் சொன்னார்கள். அங்கே வீடு கிடையாது, குழாய் கிடையாது. நீங்கள் தப்பாக எழுதினால் சந்தையில் வைத்துக் கேட்பதற்கு ஆள் யாரும் இல்லை. அதனால் எழுதி முடித்ததும் ஒரு நாள் பொறுத்து, மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு அனுப்புங்கள்.